ஏழு வெள்ளை, அஞ்சு சிவப்பு

நான் கணக்குல பெயிலான மறுநாள் காலைலதான் அந்தப் பை வந்தது. முப்பத்து மூணு மார்க். முப்பத்தஞ்சு இருந்தா பாஸ். போன ரெண்டு மார்க் எந்தக் கேள்வியில போச்சுன்னு எனக்கு நல்லாவே தெரியும். ஒரு பையில் ஏழு வெள்ளைப் பந்துகளும் ஐந்து சிவப்புப் பந்துகளும் உள்ளன, சமவாய்ப்பு முறையில் ஒரு பந்து எடுக்கப்படுகிறது, அது வெள்ளையாக இருக்க நிகழ்தகவு என்ன என்று கேட்டிருந்தார்கள். எனக்கு விடை தெரியாது. தெரியும், அந்த நேரத்துக்கு மறந்துருச்சுன்னெல்லாம் கதை விட மாட்டேன். ஆனா பேப்பரைச் சும்மா விடவும் மனசு வரலை. அதனால, யார் எடுக்கிறாங்க, எதுக்கு எடுக்கிறாங்க, வெள்ளை வந்தா அவங்களுக்கு என்ன ஆகும், சிவப்பு வந்தா என்ன ஆகும், இதெதுவும் சொல்லாம எப்படிக் கணக்குப் போடறதுன்னு எழுதி வெச்சுட்டு எந்திரிச்சு வந்தேன். திருத்தினவங்க சைபர் போட்டாங்க. அவங்க மேல தப்பில்லை.

எங்க ஊர் ஊத்துக்கரடு. ஊத்து வத்திப்போச்சு, கரட்டுல பாதியைக் கல்குவாரிக்காரங்க வெட்டிட்டுப் போயிட்டாங்க, இப்ப இருக்கறது தறி மட்டும்தான். காலைல ஆறு மணிக்குத் தறிச்சத்தம் ஆரம்பிச்சா பேசறதெல்லாம் கத்தித்தான் பேசணும், அதனாலயே எங்க ஊர்ல ரகசியம்னு ஒண்ணு நிக்காது. எங்கம்மா தங்கமணி பாவு பிணைக்கிற வேலை செய்யுது. தறியில ஒரு பாவு, அதாவது நீளவாக்குல போற நூல், தீர்ந்ததும் அதோட நுனியில அடுத்த பாவோட நுனியை, ஒவ்வொரு இழையா, மூவாயிரம் இழையையும் கையால முறுக்கிச் சேர்க்கணும். அதுக்கு விரலும் வேணும், கண்ணும் வேணும். எனக்கு ஏழு வயசா இருக்கறப்ப அம்மாவோட வலது கண்ணை நாடா அடிச்சுருச்சு. நாடான்னா குறுக்கு நூலான ஊடையைச் சுமந்துக்கிட்டுத் தறியில இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறக்கற கட்டை, முனையில இரும்பு. எப்பவாவது தறியை விட்டே வெளிய பறந்துரும். ஆபரேசன் பண்ணினாங்க, கண்ணு வரலை. மிச்சம் இருந்த இடது கண்ணுல இப்ப புரை. கோயமுத்தூர் டாக்டர், புரை சுண்ணாம்பு பூசின மாதிரி மூடியிருக்கு, பின்னாடி நரம்பு எப்படி இருக்குன்னு புரையை எடுத்தாத்தான் தெரியும், பார்வை வந்தாலும் வரலாம், இருக்கறதும் போனாலும் போகலாம்னு சொன்னாரு. அன்னைக்கு பஸ் ஏறி வந்த அம்மா அதுக்கப்புறம் அந்தப் பக்கமே போகலை. இருக்கற வெளிச்சமாவது இருக்கட்டும்னுருச்சு.

நான் இனிமே பள்ளிக்கூடம் போகலைன்னு சொன்னப்பவும் அம்மா திட்டலை. “செரி, வந்து தார் சுத்து”ன்னு மட்டும் சொல்லுச்சு. தார்னா நாடாவுக்குள்ள போடறதுக்கு நூல் சுத்தின குச்சி. அதனாலதான் அன்னைக்குக் காலைல நான் சென்னியப்பண்ணனோட தறிப்பட்டறையில இருந்தேன். அதனாலதான் பையை முதல்ல பார்த்தது நான்.

நாங்க சோத்துத் தூக்குப்போசி மாட்டற ஆணியில அது தொங்கிட்டிருந்தது. மஞ்சப்பை. கல்யாண வீட்டுல தேங்காய் வெத்தலை போட்டுக் குடுப்பாங்களே, அந்தப் பை. ஒரு பக்கம் பொண்ணு மாப்பிள்ளை பேரு, பாதி அழிஞ்சு போச்சு, அதுக்குக் கீழ பொடி எழுத்துல என்னவோ ஒரு வரி. அந்த ஜோடியை ஊர்ல யாருக்கும் தெரியலை. “பையில என்ன எழுதியிருக்குது?”ன்னு அம்மா கேட்டுச்சு. “கல்யாணப் பைம்மா”ன்னு சொல்லிட்டு நான் என் வேலையைப் பார்த்தேன். பை காலியாத்தான் இருந்தது. அப்பத்தான் கரண்டு போச்சு. சென்னியப்பண்ணன் இடுப்புல கைய வெச்சுக்கிட்டு, “மத்தியானத்துக்குள்ளாற வருமா, இல்ல இன்னைக்குப் பொழப்பு நாறிப்போகுமா?”ன்னு கத்தினாரு. தறி நின்ன அந்த அமைதியில, பைக்குள்ள கடகடன்னு பந்து உருள்ற சத்தம் எல்லாருக்கும் கேட்டுச்சு. எடுத்துக் கொட்டினோம். கோலிக்குண்டைவிடப் பெருசு, எலுமிச்சம்பழத்தைவிடச் சிறுசு. ஒம்பது வெள்ளை, ஒண்ணு சிவப்பு. பதினொரு மணிக்குக் கரண்டு வந்தது. வந்த நிமிசமே தரையில கெடந்த பத்துப் பந்தும் இல்லாமப் போச்சு.

யார் கொண்டாந்து மாட்டினதுன்னு ரெண்டு நாள் விசாரிச்சாங்க, மூணாவது நாள் விட்டுட்டாங்க. பக்கத்து வீட்டு ருக்குமணியக்கா, “வந்தது வந்துருச்சு, ஆணி தாங்குமான்னு பாருங்க மொதல்ல”ன்னு சொன்னதும் சென்னியப்பண்ணன் பெரிய ஆணியா அடிச்சுக் குடுத்தாரு. அவ்வளவுதான். எங்க ஊர்ல எதையும் அதுக்கு மேல ஆராய்ச்சி பண்ண மாட்டாங்க, ஒரு சிஃப்டுக்கும் அடுத்த சிஃப்டுக்கும் நடுவுல அதுக்கு நேரமும் கிடையாது.

வெள்ளைன்னா ஆமா, சிவப்புன்னா இல்லைன்னு யாரும் யாருக்கும் சொல்லிக்குடுக்கலை. அங்காளம்மன் கோயில்ல பூ கேக்கறது எங்க வழக்கம். வெள்ளை அரளி ஒண்ணு, சிவப்பு அரளி ஒண்ணு, தனித்தனியா இலையில மடிச்சு அம்மன் முன்னால போட்டு ஒண்ணை எடுக்கறது, வெள்ளை வந்தா செய், சிவப்பு வந்தா விடு. கல்யாணம், கெணறு, கண்ணாலத்துக்குப் பட்டு எடுக்கற நாள், எல்லாத்துக்கும் அதான். அதனால பையையும் பூசாரி அய்யாவுதான் முதல்ல படிச்சுச் சொன்னாரு. நல்ல மனுசன், அதுதான் அவர்கிட்ட இருந்த கோளாறு. யாரு முகமும் வாடக்கூடாது அவருக்கு. பத்துல ஒரே ஒரு வெள்ளை தட்டுப்பட்டாலும், “அம்மன் உத்தரவு குடுத்துட்டா, போ”ம்பாரு. அவரு இல்லாதப்ப சென்னியப்பண்ணன் படிச்சாரு, அவருக்குப் பிடிக்காத கேள்வின்னா ஏழு வெள்ளையும் மூணாயிரும்.

ருக்குமணியக்கா மகன் தீனா லைசென்சுக்கு எட்டுப் போடப் போனான். பை பத்துல ஒம்பது வெள்ளைன்னுச்சு. அய்யாவு, “லைசென்சு கைக்கு வந்த மாதிரித்தான்”னு விபூதி பூசி அனுப்பினாரு. அவன் எட்டுல பாதியில காலை ஊனிட்டு, தலையைத் தொங்கப் போட்டுட்டு வந்தான். அக்கா பையை ஆணியிலிருந்து பிடுங்கிக் கொண்டுபோய்க் குப்பை மேட்டுல வீசிட்டாங்க. மறுநாள் காலைல அது ஆணியிலயே இருந்தது. அக்கா அதைப் பார்த்து ஒரு மூச்சு வைதாங்க. எனக்குப் பொறுக்கலை.

“என்னத்துக்குக்கா அதைய வையறீங்க? பத்துல ஒம்பதுன்னுதானே சொல்லுச்சு? அந்த மிச்சம் ஒண்ணு உங்க தீனா.”

“நல்லா இருக்குதுடி நாயம்! ஊர்ல எவனுமே இல்லாம எம்பையன்தான் கெடைச்சானா அந்த ஒண்ணுக்கு?”

“யாராச்சும் ஒருத்தர் இருந்துதானே ஆகணும்.”

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாங்க. அப்புறம் பட்டறையில இருந்த எல்லாருக்கும் கேக்கற மாதிரி, “இனிமே இவளே படிக்கட்டும். இவளுக்கு மூஞ்சிக்கு முன்னால பொய் சொல்லத் தெரியாது. இவளுக்குப் போய் மௌனிகான்னு பேரு வெச்சிருக்கறா பாரு தங்கமணி”ன்னு கத்தினாங்க. அப்படித்தான் கணக்குல பெயிலான நான் ஊருக்கே பை படிக்கறவளா ஆனேன். சாயங்காலம் தார் சுத்தி முடிச்சதும் வரிசையா வருவாங்க. கேப்பாங்க. கொட்டுவேன், எண்ணுவேன், உள்ளதைச் சொல்வேன். அடுத்த கேள்வி கேட்டதும் பழைய பந்து மறைஞ்சு புதுசு உருளும். ஆறுல ரெண்டு. எட்டுல அஞ்சு. அழுதாலும் அதேதான், கெஞ்சினாலும் அதேதான்.

டீக்கடை நடேசன் சுவத்துல கரியால கோடு போட ஆரம்பிச்சாரு. பத்துல ஒம்பது வாங்கினவங்க எல்லாம் ஒரு வரிசை, பத்துல அஞ்சு வாங்கினவங்க ஒரு வரிசை, நினைச்சது நடந்தா நேர்க்கோடு, நடக்கலைன்னா குறுக்குக்கோடு. ஆவணி தாண்டி, புரட்டாசி தாண்டி, ஐப்பசி மழையில சுவர் நனைஞ்சு, காய்ஞ்சு, திரும்பக் கரியால எழுதி, கார்த்திகையில எல்லாரும் டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டு அந்தச் சுவத்தைப் பார்த்தாங்க. ஒம்பது வரிசையில பத்துக்கு ஒண்ணுதான் குறுக்கால விழுந்திருந்தது. அஞ்சு வரிசையில பாதிக்குப் பாதி. யாரு அந்த ஒண்ணுன்னு சுவத்துல முன்கூட்டி எழுதலை, எழுதவும் முடியாது, ஆனா எத்தனை பேருன்னு மட்டும் தெரிஞ்சுபோச்சு. தீனா தன்னோட குறுக்குக்கோட்டைத் தொட்டுக் காட்டி, “இது நாந்தான்”னு வெளியூர் ஆளுங்ககிட்டச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். ரெண்டாவது தடவை லைசென்சு வாங்கிட்டான், அது வேற.

அதுக்கப்புறம் ஊர் பேச்சே மாறிப்போச்சு. மாமா வருவாரான்னு கேட்டா வருவாரும்பாங்க முன்ன, இப்ப நாலுல மூணு வருவாருன்னாங்க. மாப்பிள்ளை எப்படின்னு கேட்டா அஞ்சுல நாலு நல்லவருன்னாங்க, மிச்சம் ஒண்ணுக்கு யாரும் கோவிச்சுக்கலை. புருசன் பொண்டாட்டிச் சண்டையில, “உன்னையக் கட்டினது எனக்கு நூத்துல ஒரு சிவப்பு”ன்னு ஒருத்தி கத்தினது தறிச்சத்தத்தைத் தாண்டி மூணு வீதிக்குக் கேட்டுச்சு. ஒருநாள் ஒரு வாண்டு வந்து, அம்மன்கிட்டப் பூ கேட்டா வெள்ளை வருமான்னு பையைக் கேட்டான். எட்டுப் பந்து, ஏழு வெள்ளை. எனக்கே குழப்பம், பாதிக்குப் பாதிதானே வரணும்? அப்புறந்தான் உறைச்சது. எங்க கோயில்ல மூணு தடவை வரைக்கும் கேக்கலாம். மொத தடவை சிவப்பு வந்தா, “அம்மா மனசு செரியில்லை, திரும்பப் போடு”ம்பாங்க, மூணுல ஒண்ணு வெள்ளைன்னாலும் உத்தரவுதான். மூணும் சிவப்பா வர்றதுக்கு எட்டுல ஒரே ஒரு வழிதான் இருக்கு. விரலை மடக்கி மடக்கி எட்டு வழியையும் நானே எண்ணிப் பார்த்தேன். எங்க அம்மன் கேட்ட வரம் குடுக்கற அம்மன்னு சுத்துப்பட்டுல பேரெடுத்தது அப்படித்தான். போய் அய்யாவுகிட்டச் சொன்னேன். சங்கடப்படுவாருன்னு நினைச்சேன். மனுசன், “அப்ப அம்மனோட கருணை எட்டுல ஏழுன்னு சொல்லு. பரவால்லையே, நாங்கூட இன்னும் கம்மின்னு நெனைச்சேன்”னுட்டு மணியை ஆட்டப் போயிட்டாரு.

தை மாசம் நான் ஒரு கேள்வி கேட்டேன். எல்லாரும் இருக்கறப்பவே கேட்டேன். இந்தப் பட்டறையில வர்ற தை வரைக்கும் யாரு மேலயும் நாடா படாம ஓடுமா? இருபத்து நாலு பந்து. பதினஞ்சு வெள்ளை, ஒம்பது சிவப்பு. சென்னியப்பண்ணன் முகம் சுண்டிருச்சு. தறிக்கு ரெண்டு பக்கமும் வலை கட்டினா நாடா வெளிய பறக்காதுன்னு எங்கம்மாவுக்கு அடிபட்ட நாள்ல இருந்தே எல்லாரும் சொல்லிட்டுத்தான் இருந்தாங்க. அவரும் கட்டிரலாம் கட்டிரலாம்னுதான் சொல்லிட்டிருந்தாரு.

“அதுக்கென்ன இப்பொ? இருபத்து நாலுல பதினஞ்சு நல்லதுதானே”ன்னாரு.

“அந்த ஒம்பதுல ஒண்ணு வந்து, அடிபடறது நீங்களா இருந்தா?”ன்னேன்.

மறுநாளே அவரு வலை வாங்கிட்டு வந்தாரு. மொத நாலு தறிக்குக் கட்டி முடிச்சதும், கூடையில கொட்டி வெச்சிருந்த சிவப்புல ரெண்டு எங்க கண்ணு முன்னாலயே வெளுத்துச்சு, பழுக்கறதைத் திருப்பி ஓட்டின மாதிரி. அடுத்த அஞ்சு தறிக்கு மூணு. பை சொன்னதை நாம மாத்தலாங்கறது ஊருக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் அவரை நிறுத்த முடியலை, சோறுகூடத் திங்காம இருபது தறிக்கும் கட்டினாரு. கடைசி ஒரு சிவப்பு மட்டும் மாறவே இல்லை. அதை எடுத்து வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, “செரி, இது இருந்துட்டுப் போகட்டும்”னு பையில போட்டாரு. அம்மா போய் ஒரு வலையைத் தடவிப் பார்த்துச்சு. “முடிச்சு நல்லா இறுக்கமாத்தான் போட்டிருக்கறீங்க”ன்னு சொல்லிட்டு வந்து தன் இடத்துல உக்காந்துக்குச்சு. சென்னியப்பண்ணன் அந்தப் பக்கமா திரும்பிக்கிட்டாரு.

ஊரே கேட்ட பையை எங்கம்மா மட்டும் கேக்கலை. நானும் நாலஞ்சு தடவை சொல்லிப் பார்த்தேன். “எனக்கு வேண்டாம் சாமி”ன்னே சொல்லிட்டிருந்தது. அம்மா இப்பல்லாம் இழையைப் பார்த்துப் பிணைக்கலை, விரல்லயே பிணைச்சுது. நூத்துக்கணக்குல இழை விரலுக்கடியில ஓடினா எத்தனைன்னு எண்ணாமலே சொல்லும். ஆனா விரலுக்கு நிறம் தெரியாது. மாசி மாசம் ஒரு பட்டுக்கரைப் பாவுல, நடுவுல எங்கயோ ஒரு இழை தள்ளிப் பிணைச்சிருச்சு. கரையில இருக்க வேண்டிய அரக்கு நூல் சேலை ஒடம்புக்குள்ள வந்து, நாலு சேலை நீளத்துக்குக் கோடு போட்ட மாதிரி ஓடிருச்சு. சென்னியப்பண்ணன் திட்டலை. தறியை நிறுத்திட்டு, “தங்கமணி, நீ சித்த ஊட்டுக்குப் போயி ரெஸ்ட் எடு”ன்னாரு. திட்டியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து தண்ணி குடிச்சுட்டு அம்மா, “போயி அந்தப் பையை எடுத்துட்டு வா”ன்னுச்சு.

ருக்குமணியக்காவும் கூடவே வந்து உக்காந்துட்டாங்க. அம்மா பையை மடியில வெச்சு, யாருகிட்டயோ நலம் விசாரிக்கற மாதிரி கேட்டுச்சு. “ஆபரேசனே பண்ணாம இப்படியே உட்டா, வர்ற தையில நான் பாவு பிணைப்பனா?”

கடகடன்னு உருண்டுச்சு. அம்மாவே கையை விட்டு எண்ணுச்சு. “பன்னண்டு இருக்குது. வெள்ளை எத்தனை?”

“ஒண்ணுமில்ல. அத்தனையும் சிவப்பு.”

“ஒண்ணுகூடயா?”

“ஒண்ணுகூட.”

அம்மா தலையை ஆட்டிக்குச்சு. “ஆபரேசன் பண்ணிக்கிட்டா?”

திரும்பவும் பன்னண்டு. நான் பாயில கொட்டிப் பார்த்தேன். ஏழு வெள்ளை. அஞ்சு சிவப்பு. இந்தக் கணக்கை நான் ஏற்கெனவே பார்த்திருக்கேன். விசிறி சுத்தற பரீட்சை ஹால்ல, யார் எடுக்கிறாங்க, எதுக்கு எடுக்கிறாங்கன்னு கேட்டு எழுதி வெச்சுட்டு வந்தேனே, அதே ஏழு, அதே அஞ்சு. விடை சுலபந்தான், பன்னிரண்டில் ஏழு. இப்ப யார் எடுக்கிறாங்கன்னும் தெரியும், எதுக்குன்னும் தெரியும், சிவப்பு வந்தா என்ன ஆகும்னும் தெரியும்.

அம்மாவுக்குப் பின்னால இருந்து ருக்குமணியக்கா ரெண்டு கையையும் தூக்கிப் பத்து விரலையும் விரிச்சுக் காட்டினாங்க. பத்துன்னு சொல்லுடி. சொல்லித் தொலைடி. பத்துன்னு சொன்னா அம்மா நாளைக்கே பஸ் ஏறிரும். ஒரே ஒரு வார்த்தை. அய்யாவு எத்தனை பேருக்கு இப்படிச் சொல்லியிருப்பாரு. நிறம் தெரியாத ஆளுகிட்ட, பத்துக்கும் ஏழுக்கும் என்ன வித்தியாசம்?

“என்ன சாமி, வாயடைச்சுப் போச்சு உனக்கு?”ன்னு அம்மா கேட்டுச்சு.

“ஏழும்மா.”

அக்கா கையைக் கீழ போட்டுட்டுத் தலையில அடிச்சுக்கிட்டாங்க. அம்மா ஒவ்வொரு பந்தா எடுத்துத் தடவிப் பையில போட்டுச்சு. தொட்டா எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும், வெள்ளையும் சிவப்பும். “அப்ப அஞ்சு சிவப்பு”ன்னுச்சு.

நாலு நாளைக்கு அந்த அஞ்சைத் தவிர வேற பேச்சில்லை. சோறு வடிக்கறப்ப அஞ்சு. தண்ணி புடிக்கறப்ப அஞ்சு. ஏழு இருக்குதேம்மா, பண்ணாம விட்டா பன்னண்டும் சிவப்பும்மான்னு நான் கத்துவேன், “ஆமா, ஆனா அஞ்சு இருக்குதே”ன்னுரும் எங்கம்மா. வந்தவங்க ஆளுக்கொண்ணு சொன்னாங்க. ஒரு கண்ணு போயிட்டதால இந்தக் கண்ணு கட்டாயம் வந்துரும்னு ஒருத்தர். ஒரு கண்ணு வராததால இதுவும் வராதுன்னு இன்னொருத்தர். போன கண்ணு போனது பைக்கு எப்படித் தெரியும், இந்தக் கண்ணுக்கு ஏழு, அவ்வளவுதான்னு ரெண்டு பேரையும் அனுப்பி விட்டேன்.

அஞ்சாவது நாள் அம்மா என்னைக் கூப்பிட்டுச்சு. “அந்தக் கண்ணுக்கு எத்தனை இருந்திருக்கும்? கேட்டுப் பாரேன்.”

கேட்டேன். பை காலியாவே தொங்குச்சு. நடந்து முடிஞ்சதுக்குப் பை வாயைத் திறக்காது, எங்க ஊர்ல சின்னப் பசங்களுக்குக்கூட அது தெரியும். அம்மாவுக்கும் தெரியும்.

“அன்னைக்கு நான் அழுதனல்ல”ன்னுச்சு அம்மா.

இந்தக் கதை எனக்குத் தெரியும். ஆபரேசன் ஆகி மறுநாள், கண்ணுல கட்டோட படுத்திருக்கறப்ப, மும்பை பக்கம் பீவண்டிக்குத் தறி ஓட்டப் போன எங்கப்பா அங்கயே இன்னொருத்தியைக் கட்டிக்கிட்டாருன்னு சேதி வந்துச்சு. அம்மா விடிய விடிய அழுதுச்சாம். கட்டோட அழுதா கண்ணு எப்படி நிக்கும்னு ஊரே சொல்லுச்சு. பத்து வருசமா சொல்லுது. அந்தக் கண்ணை நானேதான் கெடுத்துக்கிட்டேன்னு அம்மாவும் பத்து வருசமா நினைச்சுட்டிருந்திருக்கு. அஞ்சு சிவப்புக்கு அது பயப்படலை, அந்த அஞ்சுல ஒண்ணைத் தானே அழுது தேடி எடுத்துருவோம்னுதான் பயந்திருக்கு. எனக்கு அது அப்பத்தான் புரிஞ்சுது. நான் கொஞ்சம் மெதுவுதான்.

“நடந்ததைத்தான் அது சொல்லாதும்மா. இனி நடக்கப்போறதைக் கேளு. வலை கட்டினப்ப நிறம் மாறுச்சுல்ல? அழுதா கண்ணு கெடும்னா இதுலயும் வெள்ளை சிவப்பா மாறணும். கேளு.”

அம்மா பையை மடிக்கு இழுத்துக்குச்சு. அப்புறம் சின்னக் குரல்ல, “ஆபரேசன் முடிஞ்சு, கட்டோட, நான் விடிய விடிய அழுதன்னா?”ன்னு கேட்டுச்சு.

பந்து உருண்டுச்சு. பாயில கொட்டினேன். ஒரு தடவை எண்ணினேன். திரும்ப எண்ணினேன். வாசல்ல போன தீனாவைக் கூப்பிட்டு அவனையும் எண்ணச் சொன்னேன்.

“ஏழு வெள்ளை”ன்னேன். “அஞ்சு சிவப்பு. மாறவே இல்லம்மா. ஒண்ணுகூட மாறலை.”

“பொய் சொல்லாத.”

“பொய் சொல்றதா இருந்தா அன்னைக்கே பத்துன்னு சொல்லியிருப்பேன்.”

அம்மா அதை யோசிச்சுச்சு. அப்புறம் அழுதுச்சு. நான் தடுக்கலை, தடுக்க ஒரு காரணமும் இல்லை. அழுது முடிச்சு மூக்கைச் சிந்திட்டு, “கோயமுத்தூர் பஸ்சு காலைல எத்தனை மணிக்கு?”ன்னு கேட்டுச்சு.

பஸ் ஏறறதுக்கு முன்னால, ஆபரேசன்ல பார்வை வருமான்னு மட்டும் ஒரு தடவை கேட்டேன், அதே கணக்குதான் வந்துச்சு, அந்தப் பையையும் எடுத்துட்டுப் போனேன். டாக்டர் அதைப் பார்த்ததும், “ஓ, ஊத்துக்கரட்டுப் பையா? எத்தனை காட்டுது?”ன்னாரு. ஏழுன்னேன். “நான் ஆறுன்னு நினைச்சிருந்தேன். பரவாயில்லையே”ன்னு சொல்லிட்டுக் கை கழுவப் போயிட்டாரு. ஆபரேசன் ஒரு மணி நேரம். கட்டுப் போட்டுக் கூட்டிட்டு வந்து படுக்க வெச்சாங்க. பையில பன்னண்டும் அப்படியே இருந்தது, புரையை எடுத்ததோட முடியலை போல. அம்மா அழவும் இல்லை. நல்லாத் தூங்குச்சு.

மறுநாள் காலைல கட்டுப் பிரிக்கறப்ப என்னை வெளிய நிக்கச் சொன்னாங்க. வராண்டாவுல பெஞ்சுல உக்காந்து மடியில பையை வெச்சுக்கிட்டேன். உள்ள நர்ஸ் டேப்பைப் பிய்க்கற சத்தம் கேட்டுச்சு. மெதுவா, மெதுவாம்மா, உடனே முழிக்காதீங்கன்னாங்க. மடியில கனம் இருந்தது. பன்னண்டு பந்தோட கனம் எனக்கு நல்லாப் பழக்கம். இருந்தது, இருந்தது, அப்புறம் இல்லை. துணி மட்டும் தொடையில கெடந்துச்சு. முடிஞ்சது. எதுவோ ஒண்ணு எடுத்தாச்சு. ஏழுமில்லை, அஞ்சுமில்லை, இனிமே ஒண்ணேதான். எந்த ஒண்ணுன்னு காலிப்பை சொல்லாது. உள்ள சத்தமே இல்லை. நான் எந்திரிச்சு நின்னேன், திரும்ப உக்காந்தேன்.

கதவு திறந்துச்சு. நர்ஸ் கையைப் பிடிச்சுக்கிட்டு அம்மா வந்துச்சு, கண்ணுல கறுப்புக் கண்ணாடி, மெதுவாத்தான் நடந்துச்சு, எப்பவும் நடக்கற மாதிரியேதான். முகத்துல ஒண்ணும் தெரியலை. எங்கிட்ட வந்து நின்னு குனிஞ்சுச்சு. பையோட ஓரத்தை ரெண்டு விரல்ல பிடிச்சு விரிச்சு, கண்ணாடியைத் தூக்கிட்டு, தலையைச் சாய்ச்சு, பொடி எழுத்துல இருந்த அந்தக் கடைசி வரியை, பள்ளிக்கூடத்துல வாசிக்கச் சொன்ன பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தா கூட்டிப் படிச்சுச்சு.

“தங்... கள்... வருகைக்கு... நன்றி.”

அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்துச்சு. “ஏண்டி, இத்தனை நாளா இந்த அழுக்குப் பையவா ஊரே கையில தூக்கிட்டுத் திரிஞ்சீங்க? ஒருத்திக்காச்சும் தொவைச்சுப் போடணும்னு தோணலையா?”